தொழிற்கல்வித் தேர்வும் கல்விச் செலவும் (தமிழ்நாடு)

எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்த மாணவர் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையம், பாலிடெக்னிக், மேல்நிலைப் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் குடும்பத்தின் பணநிலைக்கு உள்ள பங்கு தமிழ்நாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசப்பட்டு வருகிறது. மாணவரின் கைத்திறனும் விருப்பமும் இத்தேர்வைத் தீர்மானிப்பதாகக் கல்வித்துறை அறிக்கைகள் எழுதுவது வழக்கம். நடைமுறையில் செலவே முதலில் நிற்கிறது. அதிலும், தொழிற்பள்ளிக்கு என்ன செலவாகும் என்பதைவிட, அதற்கு மாற்றாக உள்ள கல்லூரிக்கு என்ன செலவாகும் என்ற கணக்கே குடும்பங்களின் முடிவை அதிகம் பாதித்திருக்கிறது.

செலவின் கூறுகள்

அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கு 50 ரூபாயும், சேரும்போது ஒருமுறை 200 ரூபாய்க்கு உட்பட்ட தொகையும் வாங்கப்படுகின்றன. சேர்ந்தவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், மிதிவண்டி, சீருடை, மூடுகாலணி, பாடநூல், வரைபடக் கருவிகள் ஆகியவை தரப்படுகின்றன. ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர்கள் வெளியிடும் செய்திக்குறிப்புகளில் இந்தப் பட்டியல் ஏறக்குறைய மாறாமல் இடம்பெறும். பட்டியலைப் பார்ப்பவருக்கு ஏழைப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யில் சேராமல் போகக் காரணமே இல்லை என்று தோன்றும்.

அந்தப் பட்டியலில் வராத செலவு ஒன்று உண்டு. பதினாறு வயதுப் பையன் திருப்பூர் பனியன் கம்பெனியிலோ, கட்டட வேலையிலோ, கோழிப்பண்ணையிலோ கொண்டுவரக்கூடிய வாரக்கூலி அது. தகப்பன் படுத்துவிட்ட வீட்டில், அல்லது அக்காவின் கல்யாணக் கடன் வட்டியோடு ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில், இரண்டு ஆண்டுகள் அந்தக் கூலியை விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான கட்டணம். 750 ரூபாய் அதை ஈடுகட்டாது. ஒரே நிலையத்துக்குள்ளேயே தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகியவை ஈராண்டுப் பயிற்சிகள். வெல்டரும் டீசல் மெக்கானிக்கும் ஓராண்டுப் பயிற்சிகள். இரண்டாம் ஆண்டுக்குத் தாங்காத வீட்டுப் பிள்ளை எலக்ட்ரீஷியனுக்கு மதிப்பெண் இருந்தும் வெல்டரில் சேர்வதுண்டு. அதை அவனுடைய விருப்பம் என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

இடத்தின் தூரமும் செலவுதான். பஸ் பாஸ் அரசுப் பேருந்துக்கு மட்டுமே செல்லும். மலைக்கிராமங்களிலும் ஒருநாளைக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வரும் ஊர்களிலும் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு மாதக் கடைசியில் உதவித்தொகையைத் தாண்டிவிடும். பட்டறைப் பயிற்சிக்கு நாளின் பெரும்பகுதி போய்விடுவதால் பகுதிநேர வேலைக்கும் வழி குறைவு. அரசு கலைக் கல்லூரிகளில் 2006ஆம் ஆண்டு முதல் வந்த ஷிப்டு முறையில், காலையில் வகுப்புக்குப் போய் மதியத்துக்கு மேல் கடையில் நிற்க முடிந்தது. பி.ஏ.வும் பி.காம்.மும் ஏழை மாணவரை ஈர்த்ததற்கு இந்தச் சிறு வசதியும் ஒரு காரணம்.

மிஷன் பட்டறைகள்

தமிழ்ப் பகுதியில் பள்ளியும் பட்டறையும் சேர்ந்த அமைப்பு கிறித்தவ மிஷன்களோடு தொடங்குகிறது. குலத்தொழில் கற்பிக்கும் முறை அதற்கு முன்பே தழைத்திருந்தது. கொல்லர், தச்சர், கன்னார், நெசவாளர் வீடுகளில் பிள்ளை தகப்பனிடமே தொழில் கற்றான். அங்கே கட்டணம் இல்லை, சேர்க்கையும் இல்லை. பிறப்பே சேர்க்கை. வெளியாளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. சாதிக்கு வெளியே உள்ளவர் ஒரு தொழிலைப் பணம் கொடுத்தோ உழைப்பைக் கொடுத்தோ கற்கலாம் என்ற நிலையை முதலில் பரவலாக்கியவை மிஷன் பள்ளிகள்.

1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தம் பெண்கள் விடுதிப்பள்ளியில் லேஸ் பின்னுவதைக் கற்பித்தார். மாணவியர் பின்னிய லேஸ் ஐரோப்பியரிடம் விற்கப்பட்டது. அந்த வருவாய் விடுதியின் சோற்றுக்கும் துணிக்கும் உதவியது. பின்னாளில் இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லின் மனைவி எலைசா, மார்த்தாவின் மகள், அதே கைவேலையைத் திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்தார். படிப்புச் செலவை மாணவியின் கைவேலையே ஈடுகட்டும் ஏற்பாடு இது. இன்று உலகெங்கும் பேசப்படும் ‘சம்பாதித்துக்கொண்டே படிப்பு’ என்பதன் முன்மாதிரி குமரி மாவட்டத்தில் இரு நூற்றாண்டுக்கு முன் நடந்திருப்பது கவனிக்கத்தக்கது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு இழப்பு என்ற எண்ணம் அசைவதற்கு இது வழி செய்தது.

1876–78 பெரும்பஞ்சம் இன்னொரு திருப்பம். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் நாசரேத்தில் கேனன் மர்காஷிஸ் நடத்திய அனாதை இல்லத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்காக 1878இல் அங்கே கலைத்தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. தச்சு, கொல்லுவேலை, தையல், நெசவு போன்றவை கற்பிக்கப்பட்டன. இப்பள்ளியில் சேர்ந்தவர்களுக்கு வேறு தேர்வு இருக்கவில்லை. சோறு போடும் இடமே அவர்களுக்குப் பள்ளியாகவும் அமைந்தது. தொழிற்பள்ளி என்றால் ஆதரவற்றோருக்கு என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்ததற்கு இத்தகைய நிலையங்களின் தோற்றமும் ஒரு காரணம். இதில் அந்நிலையங்களின் பிழை எதுவும் இல்லை. அவை காப்பாற்றிய உயிர்களை எண்ணினால் இந்தப் பெயர் மிகச் சிறிய விலை.

சென்னை மாகாணத்தின் மேற்குக் கரையில் பாசல் மிஷன் வேறு வழியில் சென்றது. மதம் மாறியதால் ஊரும் உறவும் தள்ளிவைத்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. மங்களூரில் அச்சகமும் நெசவாலையும், 1865இல் ஓட்டுத் தொழிற்சாலையும் வந்தன. அங்கே பயிற்சிக்கும் வேலைக்கும் இடையே இடைவெளி இல்லை. கற்கும்போதே கூலி கிடைத்தது. செலவு தடையாக இல்லாத தொழிற்கல்விக்கு மாகாண வரலாற்றில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

மாகாண அரசின் பள்ளிகள்

அரசுத் தரப்பில் 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி பின்னர் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. 1842இல் பீரங்கி வண்டித் தொழிற்சாலையை ஒட்டி ஒரு தொழிற்பள்ளி அமைந்தது. 1850இல் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தம் சொந்த முயற்சியில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். விரைவில் அதனோடு கைத்தொழிற்பிரிவும் சேர்ந்தது. சில ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுவே. மண்பாண்டம், மரச்செதுக்கு, உலோக வேலை என விரிந்த இப்பள்ளியில்தான் 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனைகளைத் தொடங்கினார். 

1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக்குழு (இது வில்லியம் ஹண்டர் தலைமையிலானது, மேற்சொன்ன மருத்துவரோடு தொடர்பில்லை) உயர்நிலைப் பள்ளியில் இரண்டு பாதைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கு. மற்றொன்று வணிகத்துக்கும் தொழிலுக்கும். இரண்டாவது பாதை எங்கும் வேர்பிடிக்கவில்லை. பெற்றோரின் கணக்கு எளிமையானது. இரண்டு பாதைக்கும் ஏறக்குறைய அதே சம்பளம் கட்ட வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறினால் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. தொழிற்பாதையில் போனால் என்ன கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காணி நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்தவர் குமாஸ்தா வேலையைத் தேர்ந்தெடுத்ததை, உடலுழைப்பை இழிவாக நினைத்த மனப்பான்மை என்று அக்கால அதிகாரிகள் எழுதினார்கள். சாதி வழிவந்த அந்த மனப்பான்மை இருந்தது உண்மை. ஆனால் முடிவெடுத்தது வருமானக் கணக்கு.

இதே முடிவுக்கு மிகப் பின்னர் கல்வி ஆய்வாளர் பிலிப் ஃபாஸ்டர் கானா நாட்டை ஆராய்ந்து வந்தார். தொழிற்பள்ளிகளைத் திறந்தால் மாணவர் தொழிலுக்குப் போவார்கள் என்ற நம்பிக்கை பிழையானது என்றும், வேலைச்சந்தை எந்தப் படிப்புக்கு அதிகம் கொடுக்கிறதோ அந்தப் படிப்புக்கே மாணவர் செல்வார்கள் என்றும் 1965இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டார். சென்னை மாகாணத்தின் அனுபவம் அவர் எழுதுவதற்கு எண்பது ஆண்டுகள் முன்பே அதைக் காட்டிவிட்டது.

1880களில் மாகாண அரசு தொடங்கிய தொழில்நுட்பத் தேர்வுகள் எதிர்பாராத இடத்தில் பலன் தந்தன. பள்ளியில் சேராமலேயே எழுதக்கூடிய தேர்வு என்பதால் வெளியே எங்கே படித்தாலும் செல்லுபடியானது. தெருமுனைத் தட்டச்சுப் பயிலகங்கள் இதனால் பிழைத்தன. விடிகாலை ஆறு மணி பேட்ச், ஒருமணி நேரம் ஒரு மெஷின், மாதச் சம்பளம் சிறுதொகை, தாள் நாமே கொண்டுபோக வேண்டும். முடித்துவிட்டுப் பள்ளிக்கோ வேலைக்கோ போகலாம். கூலியை இழக்க வேண்டியதில்லை, ஹாஸ்டல் வேண்டாம், பஸ் செலவு இல்லை. லோயர், ஹையர் தேர்வுகளைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் இன்றும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடத்துகிறது. தட்டச்சர் பணிக்கு அரசுப் பணியாளர் தேர்வாணையம் இச்சான்றிதழைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் ஏழைகளும் நடுத்தர வர்க்கமும், குறிப்பாகப் பெண்களும், தாமாக விரும்பித் தேடிச்சென்ற தொழிற்படிப்பு எது என்றால் தட்டச்சைத்தான் சொல்ல வேண்டும். செலவு வாழ்க்கைக்கு ஏற்ப அமைந்தால் மக்கள் தொழிற்கல்வியைத் தள்ளுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோல் தொழிற்பள்ளியும் (1915), பின்னர் மத்திய பாலிடெக்னிக்காக மாறிய அரசு ட்ரேட்ஸ் பள்ளியும் (1916) சென்னையில் வந்தன. அரசே முன்னோடித் தொழிற்சாலைகளை நடத்துவதை இந்தியா மந்திரி மார்லி 1910இல் ஏற்க மறுத்திருந்ததால் சாட்டர்டன் கண்ட கனவு பள்ளிக் கட்டடங்களோடு நின்றது. தனியார் அறக்கொடைகள் ஒரு பங்கை ஏற்றன. மயிலாப்பூரில் 1905இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் மாணவர் இல்லம் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் தங்குமிடமும் தந்து தொழில் கற்பித்தது. கோவையில் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1926இல் தொழில் நிலையத்தையும் 1939இல் பாலிடெக்னிக்கையும் அமைத்தது. தொழிலதிபர் ஜி.டி. நாயுடு 1945இல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் உருவாகக் காரணமானார். நீண்ட ஆண்டுகள் படிப்பில் கழிவது ஏழைக்குக் கட்டுப்படியாகாது, சில மாதங்களில் கற்பிக்க முடிந்ததை ஏன் இழுக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. படிப்புக் காலத்தையே செலவாகக் கணக்கிட்டவர் அவர்.

1953ஆம் ஆண்டுத் திட்டம்

1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். அதே ஆசிரியர், அதே கட்டடம், இரண்டு வேளை, இருமடங்கு பிள்ளைகள். அரசின் பற்றாக்குறையே திட்டத்தின் அடிப்படை. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டம் ஓராண்டுகூட முழுதாக நிலைக்கவில்லை. ஆனால் அதன் நிழல் நீண்டது. பணமில்லாதவன் பிள்ளைக்குத் தொழில், பணமுள்ளவன் பிள்ளைக்குப் படிப்பு என்று அரசே பிரித்துவிடும் என்ற அச்சம் அதன்பின் தொழிற்கல்வி என்ற பேச்சு எழும்போதெல்லாம் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது. கல்வியின் மலிவான வடிவத்தை ஏழைக்கு ஒதுக்கும் எந்த ஏற்பாட்டையும் தமிழ்நாட்டு மக்கள் அதன்பின் சந்தேகத்தோடே பார்த்தனர்.

ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும்

1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1956இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. பழகுநருக்கு உதவித்தொகை தருவதை நிறுவனங்களின் சட்டக்கடமையாக அது ஆக்கியது. பொள்ளாச்சி நாச்சிமுத்து, ஆவடி முருகப்பா ஆகிய பாலிடெக்னிக்குகள் 1957இல் தொடங்கின. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளும், திருச்சி பெல் ஆலையும், கோவையின் நூற்பாலை இயந்திரத் தொழிற்சாலைகளும் எழுந்த காலம் அது. காமராசர் ஆட்சியில் பள்ளியிறுதி வரை கட்டணம் படிப்படியாக நீங்கியதால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தோர் பெருகினர். குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டிய பிள்ளைக்கு பிட்டர் படிப்பு, பெல்லில் பழகுநர், பிறகு நிரந்தர வேலை என்ற பாதை அன்று உண்மையாகவே இருந்தது. திருச்சி திருவெறும்பூர்ப் பக்கம் அந்தத் தலைமுறை கட்டிய வீடுகள் இன்றும் நிற்கின்றன. அக்காலத்தில் கல்லூரிக்குச் செலவு அதிகம், இடம் குறைவு. தொழிற்கல்விக்குச் செலவு குறைவு, வேலை உறுதி. செலவும் பலனும் ஒரே பக்கம் சாய்ந்த ஒரே காலகட்டம் இது.

1978இல் பத்து, இரண்டு, மூன்று என்ற கல்வி அமைப்பு நடைமுறைக்கு வந்தபோது மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவும் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான தேசியக் குழுவும் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. பள்ளிக்குள்ளேயே இருந்ததால் கூடுதல் செலவு இல்லாத பிரிவு இது. ஆனால் பல பள்ளிகளில் மதிப்பெண் குறைந்தவர்களை அனுப்பும் இடமாக அது சுருங்கியது.

கல்லூரி மலிவானபோது

1984இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் அவை ஐந்நூறைத் தாண்டின. 2007இல் நுழைவுத் தேர்வு நீங்கியது. அதே காலத்தில் அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமும் ரத்தானது. 2009இல் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் கல்விக் கடனுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்றது. 2010–11இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2012இல் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்றது. 2017இல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொறியியல் கட்டணம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாய் என உயர்ந்தபோதும் சலுகை பெற்றவருக்கு அந்தச் சுமை முழுதாகத் தெரியவில்லை.

ஒவ்வொன்றும் நல்ல திட்டம். சேரியிலும் மலையிலும் பிறந்தவர்கள் பொறியாளர் ஆனது இவற்றால்தான். 2021–22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம் என்பது இதன் விளைவு. ஆனால் இந்த உதவிகள் பட்டப்படிப்பின் பக்கமே குவிந்தன. கட்டணத்தை வைத்து ஐ.டி.ஐ.க்கு வந்திருக்க வேண்டியவர் கல்லூரிக்குப் போனார். சுயநிதி பாலிடெக்னிக்குகளில் இடங்கள் காலியாகின. வங்கியும் பொறியியலுக்கும் நர்சிங்குக்கும் நாலு லட்சம் வரை அடமானம் இல்லாமல் கொடுத்தது. ஐ.டி.ஐ. மாணவரின் தேவை அதில் ஒரு சிறு பங்குதான், ஆனாலும் அந்தச் சிறு தொகைக்கு அவர் வீட்டார் நகை அடகுக் கடைக்கும் மகளிர் குழுவுக்கும்தான் போனார்கள். திறன்பயிற்சிக்கான கடன் திட்டம் 2015இல்தான் வந்தது.

இந்த இடைவெளியில் அங்கீகாரம் இல்லாத பயிற்சி மையங்கள் நுழைந்தன. பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை, கேட்டரிங், தீத்தடுப்பு, நர்சிங் உதவியாளர் என்று போர்டு, நூறு சதவீத வேலை உறுதி. தவணையில் கட்டலாம் என்பதுதான் கவர்ச்சி. மொத்தமாகக் கூட்டினால் அரசு பாலிடெக்னிக்கின் மூன்றாண்டுச் செலவைவிட அதிகம் வரும். மொத்தமாகப் புரட்ட முடியாதவர்களே அதிகம் கொடுக்கிறார்கள்.

பெண்கள்

பெண்ணுக்குப் படிப்புச் செலவோடு கல்யாணச் செலவும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. கோவை, ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கவைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கினார்கள். பலருக்குப் பேசிய தொகை வந்துசேரவில்லை. பத்தாவது முடித்த பெண்ணின் வீட்டில் ஒரு பக்கம் ஐ.டி.ஐ.யின் ஈராண்டு, மறுபக்கம் ஆலையின் மூன்றாண்டு என இரண்டும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. பெண்கள் ஐ.டி.ஐ. உள்ள ஊர்களிலும் விடுதி இல்லாததால் தராசு ஆலைப் பக்கம் சாய்ந்தது.

இன்றைய நிலை

2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஐ.டி.ஐ., பட்டயப் படிப்பு, பட்டப்படிப்பு மூன்றுக்கும் ஒரே தொகை. 71 அரசு ஐ.டி.ஐ.கள் ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தானியங்கி இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டுள்ளன. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கிலும், பட்டயம் முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாவதுக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்து மொழிப்பாடங்களில் தேறியவருக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்றும் கிடைக்கிறது. இதனால் ஐ.டி.ஐ.யில் சேர்பவருக்குக் கல்லூரிக் கதவு மூடப்படுவதில்லை. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஐ.டி.ஐ. மாணவருக்கு அதற்கு இணையான விடுதி ஏற்பாடு எல்லா ஊரிலும் இல்லை.